சீட் இருக்கும், காசு இருக்காது

மே மாதம் பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி இந்த ஒரு கேள்விதான்: "சார், பையன் வெயிட்லிஸ்ட்ல இருக்கான். சான்ஸ் இருக்கா?" அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த வீடுகள். நான் மார்க்கைக் கேட்பதில்லை. "ஃபார்ம்ல நிதியுதவி வேணும்னு டிக் பண்ணீங்களா?" என்றுதான் கேட்பேன்.

இடம் கிடைத்தவர்கள் பெரும்பாலான கல்லூரிகளில் மே 1க்குள் டெபாசிட் கட்ட வேண்டும். கட்டாதவர்களின் இடங்கள்தான் வெயிட்லிஸ்ட்டுக்கு வரும். ஆனால் உதவித்தொகையின் பெரும்பகுதி மார்ச் மாதக் கடிதங்களோடே பங்கு போட்டு முடிந்திருக்கும். வெளிநாட்டு மாணவருக்கு அமெரிக்க அரசின் நிதியுதவி கிடையாது. கல்லூரி தன் கஜானாவிலிருந்து கொடுத்தால்தான் உண்டு.

'நீட்-பிளைண்ட்' என்றொரு சொல் அடிபடும். நம்மூர் நீட் இல்லை. குடும்ப வசதியைப் பார்க்காமல் தேர்வு செய்வது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் எல்லாம் வெளிநாட்டவருக்கும் அப்படித்தான். 2022இல் டார்ட்மத்தும் போடினும் சேர்ந்தன. மற்ற பெரும்பாலான இடங்களில் பணத்தேவையும் தராசில் ஏறும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்க மாணவர்களுக்கு வசதி பார்க்காத சில கல்லூரிகள்கூட, வெயிட்லிஸ்ட் என்று வந்துவிட்டால் பார்ப்போம் என்று தங்கள் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

இதை அறிந்த ஒரு அப்பா குறுக்குவழி பிடித்தார். உதவி வேண்டாம் என்று மெயில் போடச் சொன்னார். ஜூனில் இடமும் வந்தது. விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தை வாங்க முதலாண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்ட வேண்டும். தனியார் கல்லூரி, 80,000 டாலருக்கு மேல். அவர் நம்பியிருந்த வீடு அண்ணன் தம்பி மூவர் பெயரில் இருந்தது. வங்கிக் கடனும் முழுசாக வரவில்லை. கல்லூரியிடம் உதவி கேட்டால், சேரும்போது கேட்காதவருக்கு நான்கு வருஷமும் கிடையாது என்று பதில். பல கல்லூரிகளில் இதுதான் விதி. நல்லவேளை, வேறொரு கல்லூரியில் ஏப்ரலிலேயே டெபாசிட் கட்டி வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு, வெயிட்லிஸ்ட் கடிதம் வந்த வாரமே மாணவனையே அட்மிஷன் ஆபீசுக்கு ஒரு மெயில் போடச் சொல்கிறேன்: "வெயிட்லிஸ்ட்டில் வரும் வெளிநாட்டு மாணவருக்கு இந்த ஆண்டு நிதியுதவி உண்டா?" கூச்சப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் நேராகவே பதில் சொல்லிவிடுவார்கள். அப்படிக் கேட்ட ஒரு பெண்ணுக்கு ஏப்ரல் கடைசியில் "இல்லை" என்று ஒற்றை வரி வந்தது. அன்றிரவே, உதவித்தொகையோடு கூப்பிட்ட கல்லூரிக்கு டெபாசிட் கட்டிவிட்டு, விசா தேதி பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.