பசையைத் திட்டாதீர்கள், பிடிக்குக் கீழே பாருங்கள்

போன வாரம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி பழைய போர்வையில் சுற்றி ஒரு வில்லைக் கொண்டுவந்தான். ஐந்தரை அடி, ஒற்றைப் பலகையில் அவனே இழைத்தது. வேலை நன்றாகவே இருந்தது. பிடிக்கு மேலே இருக்கிற பாதியும் கீழே இருக்கிற பாதியும் ஒரே மாதிரி வளைகின்றன. கை பிடிக்கிற இடத்தில் பலகை மேல் ஒட்டுகிற பிடிக்கட்டை மட்டும் ஒரு முனையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மூன்று தடவை ஒட்டியிருக்கிறான். மூன்றாவது தடவை நம்பிக்கை போய் இரண்டு ஸ்க்ரூவும் ஏற்றிவிட்டான். இடது புருவத்துக்கு மேல் பிளாஸ்டர். என்னடா இது என்றால், முன்னே ஒரு தடவை நாணை இழுக்கும்போது கட்டை தெறித்து வந்து அடித்ததாம்.

"பசை போலி போல இருக்குண்ணே."

கடலூரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல், கட்டில்தான் சோறு போடுகிற வேலை. வில் என்பது ஆசைக்குச் செய்வது. அது எப்படியோ வெளியே தெரிந்து, பிடி கழன்ற வில் எல்லாம் இப்போது என்னிடம் வருகிறது. வருகிற எல்லோரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். பசை போலி, பசை பழசு, பசை கம்மி. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இணையத்தில் 'வேட்டை வில்' என்று பார்த்துவிட்டுச் செய்கிறீர்கள். சரி, செய்யுங்கள். ஆனால் முயலானாலும் உடும்பானாலும் மயிலானாலும் வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வைக்கோல் அடைத்த சாக்கு மூட்டையைக் குறி வையுங்கள், அது போதும். வேட்டைக்கு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் வில்லை நான் தொடுவதில்லை.

இப்போது பசைக்கு வருவோம். ஒரு நாற்பது பக்க நோட்டை இரண்டு கையாலும் பிடித்து வளையுங்கள். தாள்களின் ஓரம் படிப்படியாக நகர்ந்து நிற்கும். ஒவ்வொரு தாளும் பக்கத்துத் தாளின் மேல் வழுக்குகிறது. வில் வளையும்போது பலகைக்கும் பிடிக்கட்டைக்கும் நடுவில் நடப்பது இதுதான். பலகை வளையப் பார்க்கிறது. கட்டை தடியாக இருப்பதால் வளைய மறுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டது பசை. முழங்கை மடிப்பில் ஒட்டிய பிளாஸ்டர் எங்கே முதலில் கழலும்? ஓரத்தில். பிடியும் அப்படித்தான், முதலில் முனை தூக்கும், அப்புறம் ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கிழித்துக்கொண்டு போகும். உலகத்திலேயே உயர்ந்த பசையைக் கொண்டுவந்து போட்டாலும், அடியில் பலகை வளைகிற வரைக்கும் அது கழலும். இன்று இல்லாவிட்டால் நூறு அம்பு கழித்து.

ஆகவே கேள்வி எந்தப் பசை என்பது இல்லை. பிடிக்கு அடியில் பலகை ஏன் வளைகிறது?

பெரும்பாலும் அந்த இடத்தில் பலகையைத் தேவைக்கு மேல் சீவியிருப்பார்கள். தடிமன் விஷயத்தில் மரம் இரக்கம் காட்டாது. தடிமன் இரட்டிப்பானால் விறைப்பு எட்டு மடங்காகும். அதையே திருப்பிப் பாருங்கள்: தடிமனில் ஐந்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். இல்லையென்றால் கட்டை குட்டையாக இருக்கும். கை பிடிக்க நாலு அங்குலம் போதும் என்று நாலே அங்குலத்துக்கு வெட்டி, முனையைச் செங்குத்தாக விட்டிருப்பார்கள். நான் எட்டு அங்குலத்துக்குக் குறைந்து வைப்பதில்லை. நடுவில் நாலு, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் சரிவு. அந்தச் சரிவு கடைசியில் காகிதம் மாதிரி மெலிந்து பலகையோடு கரைந்துபோக வேண்டும்.

கழன்ற கட்டையைத் திருப்பிப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். மர நார் பிய்ந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, மரம்தான் கிழிந்திருக்கிறது. அது வளைவின் குற்றம். பசை கண்ணாடி மாதிரி பளபளவென்று உரிந்திருந்தால் நீங்கள் ஒட்டிய விதத்தில் கோளாறு: தூசி, எண்ணெய், மட்டமில்லாத முகம் (ஒட்டுகிற பரப்பைத்தான் முகம் என்கிறேன்). தேக்கில் இது அடிக்கடி நடக்கும், அதில் எண்ணெய்ப் பசை உண்டு. இந்தத் தம்பியின் கட்டையில் இரண்டும் இருந்தது! பழைய பசையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசைத் தடவியிருக்கிறான். காய்ந்த வெள்ளைப் பசை மேல் புது வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது. விரிசலில் ஊசி போட்டுப் பசை ஏற்றுவதும் இதே கதைதான்.

ஸ்க்ரூவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. வளைகிற மரத்தில் துளை போடுவது, இங்கே முறிந்துகொள் என்று அடையாளம் வைத்துக்கொடுக்கிற மாதிரி. ஆணியும் அப்படித்தான். நூலைச் சுற்றி இறுக்குவது இன்னொரு ஏமாற்று. கழல்வதை அது நிறுத்தாது, உங்கள் கண்ணிலிருந்து மறைக்கும். ஒட்டு நன்றாக நின்ற பிறகு கைக்கு வாட்டமாக இருக்க நூல் சுற்றினால் அது வேறு விஷயம்.

சரி, எப்படிச் செப்பனிடுவது? முனை தூக்கியதைப் பார்த்ததுமே நாணை இறக்குங்கள். இன்னும் ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன் என்பதெல்லாம் வேண்டாம். பாதி கழன்ற கட்டையை முழுசாக எடுத்துவிடுங்கள். சூடு காட்டினால் வெள்ளைப் பசை இளகும், மெல்லிய பட்டைக் கத்தி நுழையும். (சித்திரை வெயிலில் வில்லைப் பைக்கோடு கட்டி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.) பழைய பசையைச் சுரண்டும்போது பசையை மட்டும் எடுங்கள். இழைப்புளியை வைத்துப் பலகையையும் சேர்த்துச் சீவினால், நோயை இன்னும் முற்ற வைக்கிறீர்கள்.

அப்புறம்தான் உண்மையான வைத்தியம். மூன்று மில்லிமீட்டர் தடிமனில், பிடிக்கட்டையை விட நீளமாக, பன்னிரண்டு பதினான்கு அங்குலத்துக்கு ஒரு மரத் தகடு எடுத்து, இரண்டு முனையையும் காகிதமாக இழைத்து, பலகை மேல் முதலில் ஒட்டுகிறேன். கட்டை அதற்கு மேல். இப்போது பிடிக்கு அடியில் பலகை தடித்துவிட்டது, வளைவு கட்டையைத் தாண்டித்தான் ஆரம்பிக்கும். கட்டைக்கு நான் எடுப்பது பண்ருட்டிப் பலா. 2011 டிசம்பர் 30 தானே புயலில் சாய்ந்த மரம், ஒரு தோப்புக்காரர் அறுத்து அடுக்கி வைத்திருந்தார். இத்தனை வருஷம் காய்ந்த பலகை வாங்கினாலும் கிடைக்காது. மரம் விழுந்த துக்கம் ஒரு பக்கம், என்ன செய்வது.

ஒட்டுகிற இரண்டு முகத்தையும் அன்றைக்கே இழையுங்கள், நேற்று இழைத்தது உதவாது. சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கு தெரியக்கூடாது. தேக்கு என்றால் அசிட்டோன் போட்டுத் துடைத்த கையோடு ஒட்டிவிடுங்கள். வெள்ளைப் பசைக்கு முகம் கச்சிதமாகச் சேர வேண்டும், கிளாம்பையும் நன்றாக இறுக்க வேண்டும். இரண்டு டியூப் கலக்கிற எபாக்சி என்றால் நேர் எதிர்: உப்புத்தாளில் முகத்தைச் சொரசொரப்பாக்கி, கிளாம்பை மெதுவாக வையுங்கள். ஆத்திரத்தில் இறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்துவிடும். ஐந்து நிமிடத்தில் காய்கிற எபாக்சி இந்த வேலைக்கு ஆகாது. ஒரு சொட்டு வைத்ததும் பிடிக்கிற குட்டிப் பாட்டில் பசை ஆகவே ஆகாது, அது காய்ந்தால் நொறுங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர் ஈரத்துக்கு ஒரு நாள் காய்கிறது இரண்டு நாளாகும். அவசரமென்றால் தை மாதம் வாருங்கள்.

காய்ந்ததும் உங்கள் மூஞ்சிக்கு நேரே வைத்து இழுக்காதீர்கள், தயவுசெய்து. பிடியைச் சுவரில் ஒரு தாங்கியில் உட்காரவைத்து, நாணில் கயிறு கட்டி, கப்பி வழியாகத் தள்ளி நின்று இழுங்கள். நாலு அங்குலம், ஆறு அங்குலம் என்று ஏற்றிக்கொண்டே போங்கள், ஒவ்வொன்றுக்கும் இருபது முப்பது தடவை. பிடிக்கு நேரே வில்லின் முதுகில், அதாவது அம்பு பாய்கிற பக்கத்தில், ஒரு எஃகு ஸ்கேலை நடுவில் கட்டிவைத்து, இழுக்கும்போது அதன் முனையைப் பாருங்கள். ஸ்கேலுக்கும் மரத்துக்கும் நடுவில் வெளிச்சம் வந்தால் பிடி இன்னும் வளைகிறது. அம்பில்லாமல் நாணை இழுத்துச் சும்மா விடுகிற விளையாட்டும் வேண்டாம். அம்புக்குப் போக வேண்டிய வேகம் முழுவதையும் மரமே வாங்கிக்கொள்ளும்.

நெல்லிக்குப்பத்துத் தம்பியின் வில்லில் ஸ்க்ரூ துளையிலிருந்து விரிசல் ஓடிவிட்டது, அது இனி ஆகாது. புதுப் பலகை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வில்லைக் கொண்டுவந்தால், கழன்ற கட்டையையும் கழன்றபடியே கொண்டுவாருங்கள். நல்ல எண்ணத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தமாக்கிவிட்டால் அதில் நான் எதைப் பார்த்துச் சொல்வது?