பட்டைப் பூட்டி வைத்தோம், நூல்சேலையைக் கிழித்துவிட்டோம்

பழைய துணிகளைப் பழுதுபார்த்துப் பத்திரப்படுத்துவது என் தொழில். ஈரோடு, கோபி, தாராபுரம் பக்கமிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் பாட்டியின் முகூர்த்தப் பட்டைத்தான் எடுத்து வருவார்கள். அதையும் ஆசையாகத்தான் விரித்துப் பார்ப்பேன். கரைக்கும் உடலுக்கும் தறியில் தனித்தனி ஓடம் (நாடா) ஓட்டிக் கோத்த கோர்வை வேலை, ஜரிகை தேய்ந்த இடத்தில் எட்டிப் பார்க்கும் சிவப்புப் பட்டிழை, இதெல்லாம் எத்தனை பார்த்தாலும் சலிக்காது. கூடவே ஒன்று கேட்பேன்: "அம்மிச்சி தினமும் கட்டின நூல்சேலை ஏதாவது இருக்குங்களா?"

"அதெல்லாம் எங்கீங்க, தொட்டில் கட்டி, கரித்துணியாகி எப்பவோ போயிருச்சுங்க."

அநேகமாக எல்லா வீட்டிலும் இதே பதில்தான். வருத்தமாக இருக்கும். பட்டு, கல்யாணத்துக்கும் நோம்பிக்கும் (பண்டிகைக்கும்) வெளியே வந்தது. மற்ற நாளெல்லாம் காட்டிலும் கட்டுத்தரையிலும் உழைத்தது பதினாறு முழ நூல்சேலை. கொசுவத்தைப் பின்னால் வைத்து இழுத்துக் கட்டினால் எட்டி நடக்கலாம், குனிந்து களையெடுக்கலாம், வரப்பு தாண்டலாம். நம் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குப் பட்டைவிடப் பெரிய சாட்சி அதுதான்.

அப்படி ஒன்று தாராபுரம் பக்கமிருந்து வந்தது. அரக்கு நிறம், கடுகு மஞ்சள் கரை. விரித்ததும் ஓரிடத்தில் மட்டும் சாயம் வரிவரியாகப் புதிதுபோல் இருந்தது. கொசுவ மடிப்புக்குள் வெயில் படாத இடம் அது. அடிக்கரை முழுக்க மண் தேய்த்துப் பிரிந்திருந்தது. முந்தானையின் ஒரு மூலையில் மட்டும் இழைகள் முறுக்கேறிச் சுருங்கிக் கிடந்தன. வருடக்கணக்கில் காசை முடிச்சுப் போட்டு வைத்த இடம். கொண்டுவந்த அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பால் காசுங்க. அய்யனுக்குத் தெரியாம எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினது இதுலதாங்க" என்றார். கூட வந்திருந்த அவர் பேரன் அதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டான். அந்த மூலையை நீவிச் சரிசெய்ய எனக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டு, அடிக்கரைக்கு மட்டும் உள்துணி வைத்துத் தைத்தேன்.

கனமான வெள்ளைச் சேலை இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடினால் அது கைராட்டை நூலாக இருக்கலாம். 1920களில் திருப்பூர் கதர் உற்பத்தியின் பெரிய மையம். யார் நூற்றது, யார் நெய்தது என்று பெரியவர்களிடம் கேட்க வேண்டிய சேலை அது.

இப்போது வெள்ளி விலை ஏற ஏற, பழைய பட்டுச்சேலை வாங்குகிறவர்கள் தெருத்தெருவாக வருகிறார்கள். அவர்கள் பணம் கொடுப்பது ஜரிகைக்குள் இருக்கும் வெள்ளிக்கு. சேலையை எரித்துத்தான் அதை எடுப்பார்கள். கஷ்டத்துக்கு விற்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விற்பதற்கு முன் முந்தானை, கரை, உடல் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள்.

வைத்துக்கொள்கிறவர்களுக்கு: பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன வெள்ளைப் பருத்தித் துணியில் சேலையைச் சுற்றுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே அறுந்துபோகும். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஜரிகை கறுத்துவிட்டதே என்று புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கவே கூடாது, மேலிருக்கும் தங்கப்பூச்சும் போய்விடும். பூச்சி உருண்டை துணிமேல் படக்கூடாது.

அப்புறம், அடுத்த நோம்பிக்கு ஊருக்குப் போகும்போது பீரோவைத் திறந்து ஆத்தாவிடமோ அம்மிச்சியிடமோ கேளுங்கள்: யார் சேலை, எந்த ஊரில் எடுத்தது, எதற்கு எடுத்தது. அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே பென்சிலால் எழுதிச் சேலையோடு ஒரு துணிப்பையில் போட்டு வையுங்கள். குண்டூசி மட்டும் குத்தாதீர்கள், துரு ஏறிவிடும்.