என்.ஏ.பி.எச். ஆய்வில் மருத்துவமனைகள் எங்கே சறுக்குகின்றன?

என்.ஏ.பி.எச். தரச்சான்றுக்கு விண்ணப்பிக்க முடிவெடுத்ததும் பெரும்பாலான மருத்துவமனைகள் செய்யும் முதல் வேலை, எங்கிருந்தாவது ஒரு கையேட்டை வாங்கிப் பெயரை மாற்றி அச்சடிப்பது. சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. என்.ஏ.பி.எச். என்பது மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் வாரியம், இந்தியத் தரக் கவுன்சிலின் அங்கம். அதன் மருத்துவமனைத் தரநிலைத் தொகுப்பில் 10 அத்தியாயங்கள், 100 தரநிலைகள், அவற்றுக்குள் சரிபார்க்க வேண்டிய 600-க்கும் மேற்பட்ட கூறுகள் இருக்கின்றன. அத்தனைக்கும் தாளில் பதில் எழுதிவிடலாம். ஆனால் ஆய்வாளர் தாளோடு நிற்பதில்லை. ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் வந்த வழியிலேயே அவசரப் பிரிவு, ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர், வார்டு என்று நடப்பார். கேள்விகள் நிர்வாகிக்கு அல்ல, இரவுப் பணி முடித்துக் கிளம்பும் நர்ஸுக்கும் குப்பை எடுக்கும் பணியாளருக்கும்தான்.

முதலில் செய்ய வேண்டியது தன்மதிப்பீடு. ஒவ்வொரு கூறையும் எடுத்து, நம்மிடம் இது நடக்கிறதா, நடப்பதற்கு என்ன சான்று என்று கூச்சமில்லாமல் எழுத வேண்டும். கூடவே உரிமங்களைத் தேடி எடுங்கள். தீயணைப்புத் துறைச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம், ஸ்கேனுக்கு, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படியான பதிவு, லிஃப்ட் உரிமம் என எது காலாவதியாகியிருந்தாலும் புதுப்பிக்க மாதக்கணக்கில் ஆகலாம். பிறகுதான் குழுக்கள், பயிற்சி, உள் தணிக்கை, விண்ணப்பம். நேரடி ஆய்வில் சுட்டப்படும் குறைகளைச் சரிசெய்து, குறித்த கெடுவுக்குள் ஆதாரம் அனுப்பினால்தான் கோப்பு முடிவெடுக்கும் குழுவுக்குப் போகும்.

மருந்து விஷயத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பூலையே எடுத்துக்கொள்வோம். அதற்குள் 1.5 கிராம் மருந்து இருக்கிறது. நீர்க்கச் செய்யாமல் நரம்பில் நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பார்வைக்கோ, ஊசி மருந்தைக் கரைக்கும் ஸ்டெரைல் வாட்டர் ஆம்பூல் போலவே இருக்கும். இரண்டும் ஒரே தட்டில் அருகருகே கிடந்தால், அதிகாலை மூன்று மணிக்குக் கை தவறான ஆம்பூலை எடுப்பது நர்ஸின் கவனக்குறைவு மட்டுமல்ல, வைத்த முறையின் பிழையும்கூட. சாதாரண வார்டிலிருந்து அதை அகற்றுவது, வைத்தே ஆக வேண்டிய ஐ.சி.யு.வில் பூட்டித் தனி லேபிளுடன் வைப்பது, இரண்டு பேர் சரிபார்த்த பிறகே கலப்பது. இவை எதற்கும் பெரிய செலவில்லை.

பதிவேடுகள் இன்னொரு கதை. மருந்து ஃபிரிட்ஜின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். முப்பது நாளும் காலை, மாலை "4" என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் யாரும் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். உயிர்காக்கும் அவசர மருந்துகளும் கருவிகளும் வைத்திருக்கும் தள்ளுவண்டியான கிராஷ் கார்ட்டின் சரிபார்ப்புப் படிவத்தில் நாளைய தேதிக்கும் கையெழுத்து விழுந்திருப்பது அதைவிட மோசம். வண்டிக்கு எண்ணிட்ட பிளாஸ்டிக் சீல் போட்டு, தினமும் சீல் எண்ணைப் பார்த்து எழுதச் சொன்னால் பாதிப் பொய் தானாகக் குறையும்.

தரக் குறியீடுகளில் கணக்கே தவறாக இருப்பதுண்டு. சிறுநீர்க் குழாயால் வரும் தொற்றை நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுப்பது வழக்கமான பிழை. தினமும் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குக் குழாய் இருக்கிறது என்று எண்ணி மாதம் முழுக்கக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகைதான் 'குழாய் நாள்'. அது 600, தொற்று 3 என்றால், ஆயிரம் குழாய் நாளுக்கு 5. இப்படிக் கணக்கிட்டால்தான் போன மாதத்தோடு ஒப்பிடவே முடியும்; தேவை முடிந்தும் குழாய் கழற்றப்படாமல் கிடக்கும் வழக்கமும் அப்போதுதான் கண்ணில் படும்.

"எங்களிடம் மருந்துப் பிழையே இல்லை" என்று பூஜ்யம் காட்டும் மருத்துவமனையை எந்த ஆய்வாளரும் நம்புவதில்லை. பிழையைச் சொன்னவருக்கு மெமோ கொடுக்கும் இடத்தில் யார் வாயைத் திறப்பார்கள்? படிவத்தில் பெயர் கேட்காமல் இருப்பது, நூலிழையில் தப்பிய சம்பவங்களையும் எழுதச் சொல்வது, எழுதியதால் என்ன மாறியது என்பதை அந்த வார்டிலேயே சொல்வது ஆகிய மூன்றும் நடந்தால் எண்ணிக்கை முதலில் ஏறும். நிர்வாகம் அதைப் பார்த்துப் பதறக் கூடாது.

அரசு மருத்துவமனைகளுக்கென 2013-இல் வந்த என்.க்யூ.ஏ.எஸ். எனும் தேசியத் தர உறுதித் தரநிலைகளும் இதே வழியில்தான் நடக்கின்றன. நேரில் பார்ப்பது, ஊழியரிடம் கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது, நோயாளியிடம் விசாரிப்பது என நான்கு முறைகள். இவற்றின் மூலம் சரிபார்க்கும் ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண்.

நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. என்.ஏ.பி.எச். முத்திரை எல்லாம் ஒன்றல்ல. தொடக்கநிலைச் சான்று வேறு, முழு அங்கீகாரம் வேறு; முன்னதில் கூறுகள் மிகக் குறைவு. சான்று எந்த நிலை, எந்தத் தேதிவரை செல்லும், எந்தெந்த சிகிச்சைப் பிரிவுகளை உள்ளடக்கியது என்பதை வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம், மருத்துவமனையின் வரவேற்பறையிலும் கேட்கலாம்.