பேருக்கு ஒரு பார்ட்னர்

"பாப்பாவையும் பார்ட்னராப் போட்டுருங்க மேடம்." திருப்பூரில் ஆடிட்டராக இருக்கும் எனக்கு, மகளைத் தொழிலில் சேர்க்க வரும் அப்பாக்களிடம் கேட்டுப் பழகிய பேச்சு இது. டீடில், அதாவது பார்ட்னர்களுக்குள் எழுதும் ஒப்பந்தப் பத்திரத்தில், நிர்வாகம் யார் பொறுப்பு என்று எழுதட்டும் என்று கேட்டால், "அதை நான் பாத்துக்கறேன், வழக்கமா எழுதறதையே எழுதுங்க" என்பார்கள். பின்னால் வரும் சண்டைக்கு அங்கேயே இடம் விட்டாகிவிடுகிறது.

ஒரு பனியன் கம்பெனி. அப்பா, அம்மா, மகள் மூவரும் பார்ட்னர்கள். இரண்டே வருஷத்தில் மகள் சரக்கு வாங்கும் புது பையர்களைப் பிடித்தார், டிஜிட்டல் பிரிண்டிங் யூனிட் போடலாம் என்றார். அப்பாவுக்குக் கடன் பயம். சரி, அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதைப் பேசித் தீர்க்காமல் கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரின் பாஸ்வேர்டை மாற்றினார். செக் புக் டிராயரைப் பூட்டிச் சாவியை பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். மகள் கொடுத்த சாம்பிள் வேலையை, "நான் சொல்லாம தொடாதீங்க" என்று கட்டிங் மாஸ்டரிடம் நிறுத்தினார். மகளும் விடவில்லை. "இனி என்னிடம் மட்டும் பேசுங்கள்" என்று பையர்களுக்கு மெயில் அனுப்பிவிட்டார். இரண்டுமே தப்பு.

1932ஆம் வருஷக் கூட்டாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, டீடில் வேறு மாதிரி எழுதாதவரை, எல்லாப் பார்ட்னருக்கும் நிர்வாகத்தில் பங்கெடுக்கவும் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் உரிமை உண்டு. இந்த மகளைப் போலப் பங்கு 10 சதவீதம் என்றாலும் உண்டு. சாதாரண விஷயங்களில் கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை முடிவு. அதிலும் பங்கைப் பார்ப்பதில்லை, தலையைத்தான் எண்ணுவார்கள்.

அப்படியென்றால் முடிவு அம்மா கையில். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கென்னங்க தெரியும், அவர் காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன்" என்றார். அந்த வீட்டில் என்னை அதிகம் வருத்தியது அந்தப் பதில்தான்.

மகளுக்கு இன்னொரு அதிர்ச்சியும் இருந்தது. தன் பொறுப்பும் 10 சதவீதம்தான் என்று நினைத்திருந்தார். 25ஆம் பிரிவுப்படி, தான் பார்ட்னராக இருக்கும் காலத்தில் ஃபர்ம் வாங்கும் கடன் முழுவதுக்கும் ஒவ்வொரு பார்ட்னரும் பொறுப்பு. ஃபர்மால் கட்ட முடியாமல் போனால் பேங்க் அவருடைய சொந்தச் சொத்து வரைக்கும் வரலாம். அதிகாரம் கொடுக்காமல் இப்படியொரு சுமையை மகள் தலையில் ஏற்றுவது அநியாயம். இதை அப்பாவிடம் நேராகவே சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது எனக்கே தெரியாதுங்க" என்றார்.

அப்புறம் டீடைத் திருத்தினோம். எந்தத் தொகைக்கு மேல் இரண்டு கையெழுத்து, பையர்களிடம் யார் பேசுவது, புதுக் கடன் என்றால் யார் யார் சம்மதிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினோம். அம்மாவுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினேன். பிரிண்டிங் யூனிட் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மகளைச் சேர்க்கப் போகிறவர்களும், ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மகள்களும் டீடை இன்றே எடுத்துப் படியுங்கள். ஃபர்ம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவில்லாத ஃபர்மில் ஒரு பார்ட்னர், ஃபர்மைக் கலைத்துக் கணக்கு முடிக்கச் சொல்லிக் கேட்கலாமே தவிர, மற்றப் பார்ட்னர்கள் மேல் தன் உரிமைக்காக வழக்குப் போடுவதற்கு 69ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.