புரோட்டீன் பவுடரால் ரத்தம் ஊறாது

ஹீமோகுளோபின் 8, ரத்தசோகை. இரும்பு மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறது. புரோட்டீன் பவுடர் மட்டும் மூன்றாவது டப்பா. கர்ப்பிணிகளிடம் இதை இன்னும் எத்தனை முறை பார்ப்பது?

"ஹீமோகுளோபினே புரதம்தானே, புரதத்தின் கட்டுக்கல்லான அமினோ அமிலம் உள்ளே போனால் ஏறாதா?" என்று கேட்கிறார்கள். ஏறாது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, புரதம் செய்யும் ரைபோசோமும் இல்லை. புதிதாக ஹீமோகுளோபின் செய்ய அதற்கு வழியே இல்லை. ரத்தத்தில் சுற்றும் சுமார் 120 நாளும் அது அமினோ அமிலங்களை உள்ளே எடுப்பது உண்மைதான். ஆனால் கிளைசின், சிஸ்டீன் போன்றவற்றை அது எடுப்பது, தன்னைக் காத்துக்கொள்ளும் குளூட்டதயோனைச் செய்யத்தான். ஹீமோகுளோபின் உருவாவது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையில். அங்கே இரும்பு இல்லையென்றால் ஹீம் (ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதி) இல்லை. ஹீம் குறைந்தால் அதன் புரதப் பகுதியான குளோபினைச் செய்வதையும் அந்தச் செல்லே நிறுத்திவைக்கும். பிறகு எத்தனை கரண்டி பவுடர் கரைத்து என்ன பயன்?

புரதமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சாப்பாட்டிலிருந்து வரட்டும். ஊட்டம் குறைந்த கர்ப்பிணிகளுக்குக்கூட உயர்புரதச் சத்துப்பொருட்களை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

அமினோ அமில டெஸ்டில் அளவு குறைவு என்று பதறுவோரும் உண்டு. கர்ப்பத்தில் அது இயல்பு. நஞ்சுக்கொடி (பிளசன்டா) அவற்றைக் குழந்தைக்கு ஏற்றிவிடுகிறது.

மாத்திரை அட்டையில் தனிம இரும்பு (உப்பின் எடை போக, இரும்பு மட்டும்) எவ்வளவு என்று படியுங்கள். தடுப்புக்கு நாளுக்கு 30 முதல் 60 மி.கி. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீ, காபியோடு விழுங்காதீர்கள். மலம் கறுப்பது இரும்பால்தான், பயம் வேண்டாம். வயிறு புரட்டினால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லையென்றால் ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பின் அளவு), பி12, தலசீமியா (பரம்பரை ரத்தக் குறைபாடு) பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினால், படபடத்தால் அன்றே வாருங்கள்.

பிரசவம் முடிந்ததும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அம்மா. ஹீமோகுளோபின் 11 உள்ளவருக்கு 500 மி.லி. ரத்தம் போனால் சுமார் 190 மி.கி. இரும்பும் சேர்ந்து போகிறது. ரத்தசோகை இல்லாதவர்களும் 6 முதல் 12 வாரம் தொடரலாம். ரத்தசோகை இருந்தவர்கள், அளவு சரியான பிறகும் இன்னும் 3 மாதம் சாப்பிட வேண்டும். சேமிப்பு நிரம்ப அவ்வளவு காலம் பிடிக்கும்.