மேல்முறையீட்டுக்கு நடுவே ஒருவர் இறந்தால் ஓடத் தொடங்கும் கெடு

சொத்து வழக்கில் மேல்முறையீடு நிலுவையில் கிடக்கும்போதே கட்சிக்காரர் காலமாகிவிடுவது சாதாரணம். குடும்பத்தார் காரியம் முடித்து, வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவைக்கூட மாற்றிவிடுவார்கள். வழக்கில் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றாது.

காலவரையறைச் சட்டம், 1963 இதற்குத் தருவது, இறந்த நாளிலிருந்து 90 நாட்கள். தவறினால் நீதிபதி உத்தரவு எதுவும் போட வேண்டியதில்லை. இறந்தவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு தானாகவே அற்றுப்போகும், அதாவது மேலே நடக்காமல் முடிந்துவிடும். அதை நீக்கக் கோர மேலும் 60 நாட்கள். அதையும் விட்டவர் மூன்று மனுக்களோடு வர வேண்டும்: 5-வது பிரிவின்படி தாமதத்தை மன்னிக்க ஒன்று, அற்றுப்போனதை நீக்க ஒன்று, வாரிசுகளைச் சேர்க்க ஒன்று.

நாள் ஓடுவது இறந்த தேதியிலிருந்து. நமக்குத் தெரியவந்த தேதியிலிருந்து அல்ல. எதிர்த்தரப்புக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று தினமும் போய் விசாரிக்கவா முடியும்? முடியாது என்பதை உச்ச நீதிமன்றமே 2008-ல் பெருமோன் பகவதி தேவஸ்வம் வழக்கில் ஏற்றுக்கொண்டது. கட்சிக்காரர் இறந்தது தெரிந்ததும் அவருடைய வக்கீலே நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் (கட்டளை 22, விதி 10ஏ) சொல்கிறது. அப்படித் தெரிவிக்கும் மெமோ உரிய காலத்தில் வந்துவிடும் என்று நம்பி நான் எந்தக் கோப்பையும் மூடி வைப்பதில்லை.

தாமத மனு நிற்பதும் விழுவதும் பிரமாணப் பத்திரத்தில்தான். "மனுதாரர் மஞ்சள் காமாலையால் படுத்த படுக்கையாக இருந்தார்" என்ற வரி எத்தனை பத்திரங்களில் வந்திருக்கிறதோ! மருத்துவச் சீட்டு இல்லாத காமாலையை எந்த நீதிபதியும் நம்புவதில்லை. மரணச் செய்தி யார் சொல்லி, எப்போது தெரிந்தது, வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தது எப்போது, கைக்கு வந்தது எப்போது, வெளிநாட்டில் இருக்கும் மகனின் வக்காலத்து எந்தத் தேதியில் வந்து சேர்ந்தது என்று ஆவணத்தோடு எழுதினால் மனு பேசும்.

நாட்களின் எண்ணிக்கையைப் பார்த்தே பயந்துவிட வேண்டாம். ஒரு தரப்பு ஆஜராகாதபோது பிறந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்கக் கோரிய ஒரு வழக்கில் 883 நாள் தாமதத்தை 1998-ல் உச்ச நீதிமன்றம் மன்னித்தது. வக்கீலின் அலட்சியமே காரணம் என்ற அந்த மனுதாரர், அவர்மீது நுகர்வோர் மன்றத்துக்கே போயிருந்தார். வெறும் வாய்ச்சொல்லாக அது நிற்கவில்லை. ஆனால் 2024-ல், இறந்தவரின் வாரிசுகள் 5,659 நாட்கள் கழித்துக் கொண்டுவந்த மேல்முறையீட்டை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை.

எதிர்மனுதாரர்கள் பலர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒருவருக்கு ஒரு விதம், மற்றவருக்கு வேறு விதம் என்று பிரிக்க முடியாத கூட்டுத் தீர்ப்பாணை என்றால், அவர்களில் இறந்த ஒருவரின் வாரிசுகளைச் சேர்க்காமல் விட்டதற்காக மேல்முறையீடு முழுவதுமே விழலாம். மனு அனுமதிக்கப்பட்டாலும், செலவுத் தொகையை இந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு உத்தரவு வரலாம். தேதி தவறினால் மனு தள்ளுபடிதான். உத்தரவை வாங்கியவுடன் முதலில் அந்த வரியைப் படியுங்கள்.