சொல் விளக்கம்: களப்பணியும் கள ஆய்வும்

சேலத்துக் கல்லூரிகளில் விலங்கியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் படிக்கும் மாணவர்களிடையே ஒரே செயலுக்கு நான்கு பெயர்கள் புழங்குகின்றன. அறிவிப்புப் பலகையில் அது 'களப்பயணம்'. அறிக்கையின் அட்டையில் 'களப்பணி'. உள்ளே ஆய்வுமுறையை விளக்கும் பக்கத்தில் 'கள ஆய்வு'. பேருந்து ஏறும்போது எல்லோர் வாயிலும் 'ஃபீல்டு'. சேர்வராயன் மலைக்குப் போய் பாக்சைட் படிவுகளைப் பார்த்துவிட்டு, ஏற்காட்டு ஆர்க்கிட் பூங்காவில் செடிகளைக் குறித்துக்கொண்டு மாலையில் வீடு திரும்புபவர்களுக்கு இந்தப் பெயர்க்குழப்பத்தால் நட்டமொன்றும் இல்லை. கல்லும் செடியும் தம்மை என்ன பெயரில் பார்க்க வருகிறார்கள் என்று கேட்பதில்லை. ஆனால் அதே மாணவர்கள் சாலை வழியில் 300 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து பாம்பன் தீவில் இறங்கி, பவளத்திட்டுகளையும் கடற்புல் பரப்பையும் பார்ப்பதோடு நில்லாமல், அவற்றை நம்பிப் பிழைக்கும் சிறு மீனவச் சமூகத்திடம் பேச்சுக் கொடுக்கும்போது, தாம் செய்ய வந்தது பணியா ஆய்வா என்பதை முதலில் தமக்குள் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஆங்கிலம் இரண்டையும் 'ஃபீல்ட்வொர்க்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. தமிழில் அப்படி அடக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியான 'ஃபீல்ட்' பழைய ஆங்கிலத்தில் மரமற்ற திறந்த வெளியைக் குறித்தது. டச்சு மொழியின் 'வெல்ட்', ஜெர்மன் மொழியின் 'ஃபெல்ட்' ஆகியவை இதன் உறவுச் சொற்கள். வெளியைக் குறித்த சொல் நாளடைவில் உழுநிலத்தையும் போர் நடக்கும் இடத்தையும் விளையாட்டுத் திடலையும் குறிக்கலாயிற்று. 'ஃபீல்ட்வொர்க்' என்ற கூட்டுச்சொல்லுக்கு இராணுவத்தில் வேறொரு பொருள் இருந்தது: படை தங்கிய வெளியில் அவசரமாக எழுப்பும் மண் அரண். பின்னர் நிலவியலாளரும் இயற்கையியலாளரும் அறைக்கு வெளியே சென்று செய்யும் வேலைக்கு அச்சொல்லை ஆண்டனர்.

மனிதர்களைப் பற்றிய ஆய்வுக்குள் அது நுழைந்த வழிதான் நம் பொருளுக்கு நெருக்கமானது. ஆல்பிரட் ஹாடன் என்ற விலங்கியல் பேராசிரியர் 1888ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடைப்பட்ட டோரஸ் நீரிணையின் தீவுகளுக்குச் சென்றார். அவர் போனது பவளத்திட்டுகளையும் கடல் உயிரினங்களையும் ஆராய்வதற்கு. போன இடத்தில் தீவு மக்களின் வாழ்வும் வழக்கங்களும் அவர் கவனத்தை ஈர்த்துக்கொண்டன. பத்தாண்டு கழித்து, 1898இல், கேம்பிரிட்ஜிலிருந்து ஓர் ஆய்வுக்குழுவைத் திரட்டிக்கொண்டு அதே தீவுகளுக்கு அவர் திரும்பியபோது நோக்கம் மீன்களும் பவளங்களும் அல்ல, மனிதர்கள். இயற்கையியலாளர் வழக்கிலிருந்த 'ஃபீல்ட்வொர்க்' என்ற சொல்லை மானிடவியலுக்குக் கொண்டுவந்தவராகப் பொதுவாக அவரையே கருதுகின்றனர். ஆகவே கடலுயிர் ஆய்வும் தீவுச் சமூகமும் சந்தித்த இடத்தில்தான் இச்சொல் இன்றைய பொருளைப் பெற்றது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் குழுவில் இருந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரிக்கு வந்து அங்குள்ள பழங்குடியினரான தோதவர்களிடையே தங்கி ஆராய்ந்தார். ஏறத்தாழ இதே தடத்தில் நம் கரையிலும் ஒருவர் நடந்திருக்கிறார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன் முதலில் இராமேசுவரம், பாம்பன் பகுதிகளின் கடலுயிர்களையும் முத்துக்குளிப்பு, சங்குகுளிப்புத் தொழில்களையும் பற்றி எழுதியவர். பிறகே சாதிகள், பழங்குடிகள் பக்கம் திரும்பி, கருவிகளால் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து பதிவு செய்தார். சிப்பியை அளந்த கை அப்படியே மனிதனையும் அளக்கப் போனது; அளக்கப்பட்டவருக்கு அதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வி அன்று எழவே இல்லை. 'ஃபீல்ட்' என்ற சொல்லில் ஆட்சியாளனின் பார்வை இன்றும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதற்கு இந்த வரலாறே காரணம்.

இனி, தமிழ்ச் சொல். 'களம்' என்பதற்குப் பொருள் பல. இடம் என்பது பொதுப்பொருள்; நெற்களம், போர்க்களம், ஆடுகளம், அவைக்களம் என்பவை அதன் சிறப்பு வழக்குகள். கன்னடத்தில் 'கள', தெலுங்கில் 'கல்லமு', மலையாளத்தில் 'களம்' என்று உறவுமொழிகளிலும் கதிரடிக்கும் இடத்தையே இது குறிப்பதால் சொல்லின் பழமையில் ஐயமில்லை. உழவர் களத்தையும் போர்க்களத்தையும் தொல்காப்பியம் 'ஏரோர் களவழி' என்றும், தேரோர் களவழி என்றும் அருகருகே வைத்துப் பேசுகிறது. சேலம் மாவட்டத்தில் இச்சொல் ஏட்டில் மட்டும் வாழவில்லை. ஊர்தோறும் களத்துமேடு உண்டு. குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் ஆலைகளில் மாவும் மணியும் வெயிலில் காய்வது களத்தில்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆங்கில 'ஃபீல்ட்' பயிர் விளையும் நிலம். அதற்குத் தமிழில் வயல், கழனி, செய் என்ற சொற்கள் உள்ளன. களம் பயிர் விளையும் இடமன்று, விளைந்தது வந்து சேரும் இடம். பதரும் மணியும் பிரிவது அங்கே. அதைவிட முக்கியமாக, பங்கு பிரிவதும் அங்கேதான். நெல்லைத் தூற்றி அளக்கும்போது அறுத்தவருக்குக் கூலியும், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் முதலிய ஊர்த்தொழிலாளர்க்கு உரிய பங்கும் களத்திலேயே அளந்து கொடுக்கப்பட்டன. மீந்தது வீடு போயிற்று. பங்கை அளக்காமல் மூட்டை கட்டுவது அந்நாளைய வழக்கில் இழுக்கு. 'ஃபீல்ட்' என்பதற்குக் 'களம்' என்ற சொல்லைத் தேர்ந்தவர்கள் இதை எண்ணித் தேர்ந்தார்களோ இல்லையோ, மூலச் சொல்லில் இல்லாத ஒரு பொறுப்பு மொழிபெயர்ப்பில் வந்து சேர்ந்துவிட்டது.

களத்துக்குப் போட்டியாக நின்றது 'புலம்'. அதுவும் நிலத்தைக் குறிக்கும் பழஞ்சொல்தான். புலம்பெயர்தல் என்பதில் இன்றும் அப்பொருள் தெளிவாக உள்ளது. ஆனால் இயற்பியலார் காந்தப்புலம், மின்புலம் என்று அதை எடுத்துக்கொண்டனர். பல்கலைக்கழகங்கள் துறைகளின் தொகுதிக்குப் பெயராக்கிக்கொண்டன. இலங்கைத் தமிழில் 'வெளிக்களம்' என்ற வழக்கு உண்டு. வெளிக்கள உத்தியோகத்தர் என்பது அங்கே பதவிப்பெயர். அறைக்கு வெளியே என்பதை அச்சொல் கூடுதலாகச் சொல்வதால் அழகான ஆக்கம்தான் என்றாலும், தமிழ்நாட்டில் அது வேர்பிடிக்கவில்லை.

அடுத்தது 'பணி'. பணிதல் என்றால் வணங்குதல், தாழ்தல். அதிலிருந்து ஏவலுக்கும் தொண்டுக்கும் வேலைக்கும் பொருள் விரிந்தது. 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று அப்பர் பாடியதில் பணி என்பது தொண்டு. ஆகவே ஆங்கிலத்தின் 'வொர்க்' என்பதைப் போலப் பணி வெறும் வேலையன்று. யாருக்காக என்ற கேள்வி அதனுள்ளேயே இருக்கிறது. பொதுவழக்கும் இதை ஒத்திருக்கிறது. டெங்குக் காலத்தில் வீடுவீடாக வந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பவர் களப்பணியாளர். தேர்தல் நேரத்தில் வாக்காளரைத் தேடிவரும் கட்சிக்காரர் செய்வதும் களப்பணி. இருவரும் ஒரு காரியத்தைச் செய்து முடிக்க வருகிறார்கள், அறிந்துகொள்ள வருவதில்லை. அறிந்துகொள்ள வருபவர் செய்வது ஆய்வு. நாட்டுப்புறவியல் அறிஞர்கள் இரு சொற்களையும் ஒரே பொருளில் ஆண்டுவிட்டதால் வேறுபாடு மங்கியிருக்கிறதே தவிர, அழிந்துவிடவில்லை.

எழுத்துமுறை பற்றி இடையில் ஒரு சொல். களப்பணி என்பதில் வல்லினம் மிகும். சேர்த்தே எழுத வேண்டும். 'கள ஆய்வு' என்பதையும் புணர்ச்சி விதிப்படி சேர்த்தெழுதினால் 'களவாய்வு' ஆகும். களவு என்ற சொல்லோடு ஆய்வு சேர்ந்தாலும் அதே வடிவம்தான் வரும். இந்தச் சங்கடத்துக்காகவே பிரித்தெழுதுகிறோம் என்றாலும், தீவில் கேட்டதையெல்லாம் குறித்துக்கொண்டு போய் ஒரு வரிகூடத் திருப்பித் தராதவர்களின் அறிக்கைகளைப் பார்க்கையில் இலக்கணம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும்.

மன்னார் வளைகுடாவில் இச்சொற்கள் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்ப்போம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே வரிசையாக அமைந்த 21 சிறு தீவுகளையும் சூழ்ந்த கடலையும் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989இல் அப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. கடினப் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. சேர்வராயனில் பாக்சைட் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பழகிய மாணவருக்கு இது புதிது; இங்கே கரையொதுங்கிய பவளத் துண்டைக்கூட மாதிரி என்று சொல்லி எடுத்துவர முடியாது. பவளத்திட்டின் மேல் அளவுநாடாவை விரித்து அதன்கீழ் உயிருள்ள பவளம் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று குறிப்பதும், கடற்புல் மேல் சதுரச் சட்டம் வைத்து அடர்த்தியைக் கணிப்பதும், கரைக்கு வரும் மீனை வகைபிரித்து எண்ணுவதும் எல்லாம் கள ஆய்வு. இவற்றைக் களப்பணி என்று அழைப்பதில் பொருளில்லை.

மக்களிடம் போகும்போதுதான் சிக்கல். பாம்பன் தீவிலும் அதை ஒட்டிய கரையிலும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறைகளிலிருந்து கடற்பாசி பறித்து வருகிறார்கள். அவர்கள் மரிக்கொழுந்து என்று அழைப்பது ஒரு பாசி வகையை. மணக்கும் மரிக்கொழுந்தைப் பூக்கடையில் பார்த்து வளர்ந்த சேலத்துக்காரர் முதல் நாள் விழிப்பது இயல்பு. கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்பவை வேறு வகைகள். கடலடிப் பாறைத்திட்டு அவர்களுக்குப் 'பார்', கடற்பசு ஆவுளியா. தேசியப் பூங்கா வந்தபின் தீவுகளை ஒட்டிப் பாசி எடுப்பதற்கு வனத்துறையின் தடை வந்தது. அதனால் புதிதாக யார் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாலும், இவர் எழுதிக்கொண்டு போவது நாளைக்கு எந்தத் தடையாகத் திரும்பி வருமோ என்று அவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. மாதத்தின் எல்லா நாளும் பறிக்காமல் நாள்களைத் தாமே வரையறுத்துக்கொண்ட பெண்கள் அவர்கள். பாதுகாப்பு என்ற சொல்லை அவர்களுக்கு ஒரு மாணவர் கற்றுத்தர வேண்டியதில்லை.

அப்படியொரு இடத்தில் 'களப்பணிக்கு வந்திருக்கிறோம்' என்று சொல்வது, சொல்பவருக்குத் தெரியாமலே ஒரு வாக்குறுதி ஆகிவிடுகிறது. எங்களுக்கு ஏதோ செய்ய வந்திருக்கிறார்கள் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். 'படிக்க வந்திருக்கிறோம், நீங்கள் சொல்லித்தர வேண்டும்' என்பது நேர்மையான பேச்சு. எழுத்துத் தமிழில் அதற்குப் பெயர் கள ஆய்வு. அதே மாணவர்கள் தாம் சேர்த்த கணக்கை எளிய தமிழில் எழுதி அந்தப் பெண்களின் சங்கத்துக்குத் தந்து, அது அவர்கள் அதிகாரிகளிடம் பேசுவதற்குப் பயன்பட்டால், அல்லது அவர்கள் கேட்டுக்கொண்டபடி கரையில் சிக்கிக்கிடக்கும் கிழிந்த வலைகளை அகற்ற உதவினால், அது களப்பணி. களத்தில் பங்கு அளப்பது என்ற பழைய பொருளும் அப்போது நிறைவேறுகிறது. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குக் களப்பயணம் என்ற பெயரே போதும். அதைப் பெரிதாக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சேலத்திலிருந்து கடலுக்குப் போகும் மாணவர்கள் அறிக்கை எழுதும்போது, அறிந்துகொண்டதைக் 'கள ஆய்வு' என்ற தலைப்பிலும், அம்மக்களுக்காகச் செய்ததைக் 'களப்பணி' என்ற தலைப்பிலும் தனித்தனியே எழுதலாம் என்பது என் கருத்து. இரண்டாம் தலைப்பின்கீழ் எழுத ஒன்றும் இல்லையென்றால் அப்பகுதியை விட்டுவிடலாம். அட்டையிலிருந்தும் அச்சொல்லை எடுத்துவிட வேண்டும்.